வராக் கடனும் வராத புத்தகமும்

காரைக்குடியில் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்து, பர்மாவில் நம்மவர்கள் சொத்தை இழந்த விவகாரத்தைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்கு இல்லை என்று சொல்ல மனம் வராது. பயணக் கட்டுரை ஒன்றை எடுத்து நீட்டுவார். அது வேண்டாம் என்றால் செட்டிநாட்டுச் சமையல் புத்தகம் வரும். கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்த கதை அதில் இரண்டு வரி இருக்கும். அதுவும் வேண்டாம் என்றால், வளவும் பட்டாலையும் தேக்குத் தூண்களுமாகப் பளபளவென்று அச்சிட்ட படப் புத்தகம் வரும். தேக்கு எங்கிருந்து வந்தது என்பது அதில் இருக்கும். அந்தத் தேக்கைக் கொடுத்த நாட்டில் நாம் விட்டுவிட்டு வந்தது என்ன, அதைக் கேட்டு வாங்க வழி இருந்ததா, கேட்க வேண்டியவர் யார், எப்படிக் கேட்டார் என்பது மட்டும் இருக்காது.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. எழுதாத புத்தகத்தை அவர் எங்கே போய் எடுப்பார்? குற்றத்தை எழுதுகிறவர், வெளியிடுகிறவர், படிக்கிறவர் என்று மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ராஜதந்திரம், நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் வழக்கு, சர்வதேசச் சட்டம் என்றாலே அதெல்லாம் தில்லிக்காரர் சமாசாரம், இங்கிலீஷ் படித்தவர் பாடு என்று நாம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறோம். பஞ்சாபியையும் வங்காளியையும் விட்டால், உடன்படிக்கைகளாலும் எல்லைக் கோடுகளாலும் தமிழனைப் போல் அடிபட்டவர்கள் இந்தியாவில் அதிகம் பேர் இல்லை. அடிபட்டவன், தன்னை அடித்த கோலின் பெயரைக்கூட விசாரிக்காமல் இருந்தால் அதற்கு அடக்கம் என்று பெயர் வைக்க முடியாது. சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் வழக்கின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

1930-ஐ ஒட்டி, பர்மாவின் வங்கி விசாரணைக் கமிட்டி கணக்கெடுத்தபோது, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகள் அந்த நாட்டில் சுமார் 1,650 இருந்தன. அவற்றில் புரண்ட முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். இன்றைய கோடி அல்ல, அந்தக் காலத்துக் கோடி. ரங்கூன் மொகல் தெருவிலிருந்து ஐராவதி டெல்டாவின் சின்னச் சின்ன ஊர்கள் வரை, காட்டை வெட்டிக் கழனியாக்கிய பர்மியக் குடியானவனுக்கு விதைக்கும் மாட்டுக்கும் பணம் கொடுத்தவை இந்தக் கடைகள். கடையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் முதலாளிகள்கூட அல்ல. மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளம் பேசிக் கப்பல் ஏறிய மேலாளும், அடுத்தாளும், பெட்டியடிப் பையனுமே அவர்கள்.

பிறகு உலகச் சந்தையில் மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது. விளைந்ததை எல்லாம் விற்றும் வட்டியைக் கட்ட முடியாத குடியானவன் நிலத்தை விட்டான். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937-ல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. பணமாகப் போனது சேறாகத் திரும்பி வந்தது. செட்டியாருக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. விற்கலாமென்றால் வாங்க ஆள் இல்லை. பர்மியனுக்கோ, தன் மண் அந்நியன் பேரேட்டில் ஏறிவிட்டது என்பது ஒன்றே கண்ணில் பட்டது. இரண்டு பேர் துக்கமும் உண்மையானது.

1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. ஒரே சர்க்காரின் கீழ் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போனவன், ஒரு காலைப் பொழுதில் அயல்நாட்டான் ஆனான். 1941-ல் இந்திய-பர்மா குடியேற்ற ஒப்பந்தம் வந்தது. காந்தியடிகளே அதைக் கண்டித்தார். 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் மலையும் காடும் தாண்டிக் கால்நடையாக வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் நிலத்தைத் தேசியமயமாக்க ஒரு சட்டம், அது சரியாக ஓடாமல் 1953-ல் இன்னொன்று. சட்டத்தில் நஷ்டஈட்டுக்கு ஓர் இடம் இருந்தது. அந்தத் தொகைக்கும் நிலத்தின் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பது செட்டியார்களின் வாதம். 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷங்களில் வங்கிகளும் வியாபாரமும் கடைகளும் சர்க்கார் வசமாயின. 1964 மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் அங்கிருந்து வெளியேறிய இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதி இருக்கிறது. அரண்மனை போன்ற வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வருகிறவர்கள் அங்கே போவதில்லை. பார்க்கிற வீட்டின் தேக்கும், பார்க்காத காலனியின் ஓடும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. சொல்ல ஒரு புத்தகமும் இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். பயப்பட வேண்டாம், பாகப்பிரிவினை வழக்கைத் தொடர்கதையில் வாரா வாரம் பின்தொடர்கிற வாசகருக்கு இது விளங்காத விஷயமே அல்ல.

ஓர் அரசாங்கம் அந்நிய நாட்டு மனிதனின் சொத்தை எடுத்துக்கொண்டால் அவன் எங்கே போய் முறையிடுவது? முதலில் அந்த நாட்டுக் கோர்ட்டுகளிலேயே முட்டிப் பார்க்க வேண்டும். அங்கே கதவு திறக்காவிட்டால் தன் சொந்த நாட்டுச் சர்க்காரிடம் வர வேண்டும். அது விரும்பினால் அவனுடைய வழக்கைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டு அடுத்த நாட்டோடு பேசும். விரும்பாவிட்டால் பேசாது. இதற்கு ராஜதந்திரப் பாதுகாப்பு என்று பெயர். 1924-ல், ஹேக் நகரத்திலிருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்கு மாவ்ரோமாட்டிஸ் என்ற கிரேக்கரின் விவகாரம் வந்தது. பாலஸ்தீனத்தில் துருக்கியர் ஆண்ட காலத்தில் அவர் பெற்றிருந்த தொழில் உரிமைகளைப் பிற்பாடு வந்த பிரிட்டிஷார் மதிக்கவில்லை என்பது புகார். அவருக்காகக் கிரீஸ் நாடு பிரிட்டன் மேல் வழக்குப் போட்டது. தன் குடிமகனின் வழக்கை எடுத்து நடத்தும் நாடு உண்மையில் தன் சொந்த உரிமையையே நிலைநாட்டுகிறது என்று நீதிமன்றம் சொன்னது. அவர் ஒரு தனி மனிதர். அவர் பெயர் இன்று உலகத்துச் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பாடம். நம்முடைய 1,650 கடைகளின் பெயரை எந்தக் கல்லூரியும் கேட்டதில்லை. அவருக்காக ஒரு சர்க்கார் எழுந்து நின்றது. வித்தியாசம் அவ்வளவுதான்.

1955-ல் அதே ஹேக் நகரத்தில், அதன் வாரிசான சர்வதேச நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. நாட்டெபோம் என்பவர் ஜெர்மனியில் பிறந்தவர். குவாத்தமாலாவில் வெகுகாலம் தொழில் செய்தவர். 1939-ல் லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் பிரஜையானவர். குவாத்தமாலா அவருடைய சொத்தைப் பறித்தது. லீக்டன்ஸ்டைன் வழக்குப் போட்டபோது, உமக்கும் இந்த மனிதருக்கும் மெய்யான பந்தம் இல்லையே என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இந்த அளவுகோலைச் செட்டியார் மேல் வைத்துப் பாருங்கள். மனைவி மக்கள் செட்டிநாட்டில். வீடு செட்டிநாட்டில். கோயிலில் புள்ளி செட்டிநாட்டில். மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் கப்பல் ஏறி வந்து சேருவதும் செட்டிநாட்டுக்கே. பணத்தை ஊருக்கு அனுப்புகிறான், இந்த மண்ணில் வேர் பிடிக்காதவன் என்று பர்மிய அரசியல்வாதிகள் மேடையில் அவன்மேல் குறை சொன்னார்கள். அந்தக் குறையேதான் சர்வதேசச் சட்டத்தில் அவனுக்குப் பலம். அது அவனை இந்தியாவோடு கட்டியிருந்த கயிறு. கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டிய கை தில்லியில் இருந்தது.

ஹேக் கோர்ட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. இரு தரப்பும் சம்மதித்தாலொழிய அந்தக் கோர்ட் வழக்கைத் தொடாது. ஈரான் எண்ணெய்க் கம்பெனி விவகாரத்தில் பிரிட்டன் போட்ட வழக்கை 1952-ல், தனக்கு அதிகாரமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஆனால் கோர்ட்டுக்கு வெளியே ஒரு வழி இருந்தது. மற்றவர்கள் அந்த வழியில் நடந்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு வெளிநாடுகள் எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் சொத்துகளுக்காக மொத்தமாக ஒரு தொகையைப் பேசி வாங்கி, அதைப் பங்கிட்டுக் கொடுக்க 1950-ல் பிரிட்டன் தனிச் சட்டமே செய்து கமிஷன் வைத்தது. 1956-ல் எகிப்து சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியது; குண்டுகள் விழுந்தன; அப்படியும் 1958-ல் பழைய கம்பெனியின் பங்குதாரர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க எகிப்து ஒப்புக்கொண்டது. 1962-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1803-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. தன் மண்ணின் வளத்தின் மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் முழு உரிமை உண்டு, அதைத் தேசியமயமாக்கலாம், ஆனால் உரிய நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தங்களுக்காகப் போராடி வாங்கிய தீர்மானம் அது. அதிலேயே நஷ்டஈடு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சங்கதி உண்டு. அதே பர்மா, 1954-ல் ஜப்பானோடு உடன்படிக்கை செய்து, யுத்த நாசத்துக்கு ஈடாக 20 கோடி டாலர் பேசி வாங்கியது. நியாயமாகக் கேட்டது; நியாயமாகப் பெற்றது. தன் நஷ்டத்துக்குக் கணக்கெழுதத் தெரிந்த நாட்டிடம் நம்மவர் நஷ்டத்துக்கும் ஒரு கணக்கை அழுத்தமாக நீட்டியிருந்தால் குடி மூழ்கிப் போயிருக்குமா?

தில்லி வாயே திறக்கவில்லை என்று சொன்னால் அது பொய். திறந்தது, மெல்லத் திறந்தது. 1951-ல் பர்மாவோடு நட்புறவு உடன்படிக்கை ஆகியிருந்தது. உள்நாட்டுக் கலகத்தில் தத்தளிக்கும் அண்டை நாட்டைக் கடன் கொடுத்தவர்களின் சார்பில் நெருக்குவது அழகல்ல என்ற எண்ணத்தில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பெருந்தன்மை என்பது அவரவர் கைப்பொருளில் செய்ய வேண்டிய காரியம். தானம் செய்த புகழ் தில்லிக்கு. தானமாகப் போன பொருள் தேவகோட்டைக்காரருடையது, காரைக்குடிக்காரருடையது. அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை.

இந்த வாதத்தை ஒரு கட்டுரையில் இவ்வளவுதான் நடத்த முடியும். இல்லை, தில்லி செய்ததே சரி, வேறு வழி இருந்திருக்காது என்று ஒருவர் மறுக்கலாம். தாராளமாக மறுக்கட்டும். மறுப்பதற்கும் ஒரு புத்தகம் வேண்டுமே! கோப்புகள் இல்லாமலில்லை, தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளிவிவகார இலாகாவின் பழைய கோப்புகளைப் பார்க்கலாம். பார்த்தவர்கள் யார்? எழுதினவர்கள் யார்? நளினி ரஞ்சன் சக்கரவர்த்தி பர்மாவின் இந்தியர்களைப் பற்றி 1971-ல் எழுதினார்; இங்கிலீஷில். டெல்டாவின் வயல்களைப் பற்றி 1974-ல் எழுதியவர் மைக்கேல் ஆடாஸ் என்ற அமெரிக்கர். நகரத்தாரின் குலமும் தொழிலும் பற்றி 1994-ல் விரிவாக எழுதியவர் டேவிட் ருட்னர் என்ற இன்னோர் அமெரிக்கர். பர்மாவின் வங்கி வரலாற்றை 2009-ல் எழுதி, அதில் செட்டியார்களுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியவர் ஷான் டர்னெல் என்ற ஆஸ்திரேலியர். அந்த நாட்டின் விவகாரங்களில் ஈடுபட்டதற்காக 2021-லிருந்து 2022 வரை அங்கே சிறையிலும் இருந்தவர். செட்டியார் எந்த ஊரில் எவ்வளவு வட்டிக்குக் கொடுத்தார் என்பதைச் சிட்னியிலிருந்து வந்த பேராசிரியர் எழுத வேண்டியிருக்கிறது. செட்டியாரின் பேத்தி அதை இங்கிலீஷில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இங்கிலீஷ் வராத பேரன் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை போலும்!

இதற்கு நம்மவர்கள் சொல்லும் சமாதானங்கள் நாலு.

முதல் சமாதானம், விஷயம் வறண்டது என்பது. தூது போவதும் சமாதானம் பேசுவதும் தமிழனுக்கு வறண்ட விஷயமா? திருவள்ளுவர் தூதுக்கென்று ஓர் அதிகாரம் வைத்தார். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன கதையைப் பள்ளிப் பிள்ளை சொல்லும். 1939-ல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடையில், அனுமன் தூதையும் அங்கதன் தூதையும் எடைபோடும் சொல்வன்மைக்குக் கொட்டகை நிரம்பும். இலங்கைக்குப் போன வானரத் தூதனின் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பார்க்கிற ஊர், ரங்கூனுக்குப் போன தூதர்கள் என்ன பேசினார்கள் என்று ஒருமுறையாவது நிறுத்துப் பார்க்க வேண்டாமா?

இரண்டாவது சமாதானம், தமிழில் சொல் இல்லை என்பது. இதைச் சொல்கிறவர்கள் வெ. சாமிநாத சர்மாவைப் படிக்காதவர்கள். அவர் ரங்கூனில் இருந்துகொண்டு 1937-லிருந்து 'ஜோதி' என்ற பத்திரிகையை நடத்தினார். பாலஸ்தீனம், செக்கோஸ்லோவேகியா, அபிசீனியா என்று உலகத்தின் வழக்குகளை எல்லாம் சாதாரணத் தமிழனுக்குப் புரியும் தமிழில் புத்தகமாக்கினார். 1942-ல் ரங்கூனை விட்டு நடந்தே வந்தார். அந்த நடையையும் எழுதினார். ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டை நாலு பெரியவர்கள் கூடிக் கூறு போட்டதைத் தமிழில் விளக்க அன்றைக்கே சொல் இருந்ததென்றால், தன் வீட்டுத் திண்ணை ஏலம் போன கதையைச் சொல்ல இன்றைக்குச் சொல் இல்லாமல் போய்விட்டதா? பாடநூல்கள் உண்டு என்று சிலர் சொல்லலாம். உண்டுதான். அவை பரீட்சைக்கு இலக்கணம் சொல்லிவிட்டுப் பாதியில் நின்றுவிடுகின்றன. மாவ்ரோமாட்டிஸ் வருவார், மொகல் தெரு வராது.

மூன்றாவது சமாதானம்தான் கூர்மையானது. வட்டி வாங்கினவன் முதலை இழந்தால் நமக்கென்ன என்கிறார்கள். இதை முற்போக்கு என்று நினைத்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பதில். ஒருவனுடைய தொழில் நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவனுக்குச் சட்டம் கிடையாது என்று வைத்துக்கொண்டால், நாளைக்குப் பிடிக்காத தொழில் நம்முடையதாக இருக்கும். இது முதல் பதில். இரண்டாவது, 1964-ல் நோட்டுச் செல்லாமல் போனது வட்டிக்கடைக்காரருக்கு மட்டுமல்ல. மிட்டாய்க் கடை வைத்திருந்தவனுக்கும், துணி வெளுத்தவனுக்கும், மூட்டை தூக்கினவனுக்கும், கூலி நிலத்தில் இறங்கினவனுக்கும் அதே கதிதான். பெரிய புள்ளிக்கு ஊரில் தேக்கு வீடாவது மிஞ்சியிருந்தது. அவனுக்குக் காலனியில் ஒரு மனை. செட்டியார் விவகாரம் என்று நாம் பெயர் வைத்து ஒதுக்கியதில் அவனுடைய சின்னக் கணக்கும் சேர்ந்து முழுகிவிட்டது.

இதில் பர்மியக் குடியானவன் எங்கே என்று கேட்பீர்கள். நான் கேட்கும் புத்தகத்தில் அவனுக்கு முதல் அத்தியாயமே கொடுக்கலாம். தன் நிலத்தை இழந்த அவன் வழக்கைச் சொல்லாமல் செட்டியார் வழக்கை மட்டும் சொன்னால் அது வக்கீல் நோட்டீஸ் ஆகும், புத்தகம் ஆகாது. அவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. இவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. இரண்டும் மோதிக்கொண்டபோது தீர்த்து வைக்க இரண்டு சர்க்கார்களிடம் என்ன இருந்தது என்பதே விஷயம். சர்வதேசச் சட்டம் என்று ஒன்று பிறந்ததே இதற்காகத்தான்.

நாலாவது சமாதானம், எல்லாம் முடிந்து போன கதை என்பது. முடிந்துவிட்டதா?

இலங்கையைப் பாருங்கள். 1948-ல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974-ல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உப்பு மூட்டையைப் பங்கிட்டாலும் இதைவிடச் சற்று யோசித்துப் பங்கிடுவார்கள். தோட்டத் தொழிலாளரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், நம்முடைய திருப்பத்தூர்ப் பக்கத்து முனைப்புதூரில் பிறந்தவர். யாருடைய தலைவிதியை எழுதினார்களோ, அவர்கள் அந்த மேஜையில் இல்லை. எஞ்சியவர்களுக்கு முழுக் குடியுரிமை கொடுக்க இலங்கையில் 2003 வரை சட்டம் செய்ய வேண்டியிருந்தது. முடிந்து போன கதைக்கு இது ரொம்ப நீளமான முடிவு.

கச்சத்தீவைப் பாருங்கள். 285 ஏக்கர் நிலம். தேர்தல் வந்தால் அது பெரிய தீவாகிவிடும். தேர்தல் முடிந்தால் சுருங்கிவிடும். 1974 ஒப்பந்தம் நீளமானதல்ல. ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதன் ஐந்தாவது விதி, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. மீன் பிடிக்கலாமா என்பதைப் பற்றி அந்த விதி பேசவில்லை. 1976-ல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் அடுத்த நாட்டுக் கடலில் பிடிக்கக் கூடாது என்றன. இந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் ராமேசுவரத்து மீனவன் இருக்கிறான். 1960-ல் பெருபாரி விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட், நாட்டின் நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றது. கச்சத்தீவில் எதையும் கொடுக்கவில்லை, தகராறில் இருந்த எல்லையைத்தான் வரைந்தோம் என்பது மத்திய அரசின் வாதம். இது சரியா? தமிழ்நாடு முழுவதும் வாய் வலிக்கப் பேசுகிற இந்த விஷயத்தில், ஒப்பந்தத்தின் வாசகத்தைத் தமிழில் முழுதாகப் படித்தவர்களை ஒரு வில்வண்டியில் ஏற்றிவிடலாம்.

தமிழில் இதைப் பற்றி எழுத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு ரகம் வருகிறது. ஒன்று, ஓய்வு பெற்ற பெரிய மனிதர்களின் ஞாபகங்கள். எந்த விருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தோம், எந்தப் பனியில் எந்தத் தொப்பி போட்டோம் என்பதெல்லாம் இருக்கும்; எந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினோம் என்பது இருக்காது. மற்றது, மீட்போம், விடமாட்டோம் என்று அட்டையிலேயே கூச்சல் போடும் துண்டுப் பிரசுரம். முதல் ரகம் படிக்கிறவனைத் தூங்க வைக்கிறது. இரண்டாவது ரகம் அவனைக் கைதட்ட வைத்து வீட்டுக்கு அனுப்புகிறது. இரண்டில் எதுவும் அவன் கையில் ஒப்பந்தத்தைக் கொடுத்து, இந்தா, நீயே படித்துப் பார் என்று சொல்வதில்லை.

கதை எழுதுகிற எங்கள் ஜாதியையும் நான் விடப் போவதில்லை. கதாநாயகியின் புருஷன் காணாமல் போக வேண்டுமா? பர்மாவுக்கு அனுப்பு. ஏழைச் சித்தப்பா திடீரென்று பணக்காரராக வேண்டுமா? பர்மாவிலிருந்து வரவழை. அரை நூற்றாண்டாகப் பர்மா எங்களுக்கு நாடகக் கொட்டகையின் பக்கத்துத் தட்டியாகவே இருந்திருக்கிறது. ஆள் போகவும் வரவும் ஒரு வழி. சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம் ஒருவர், 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற இரண்டு நாவல்களில் கடல் தாண்டிய தமிழனை அந்த மண்ணிலேயே வைத்துப் பார்த்தார். இரண்டோடு நிறுத்திக்கொண்டார். நாம் அவரை ஆதரித்த லட்சணம் அப்படி.

பதிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்ப் பதிப்புத் தொழிலைத் தூக்கி நிறுத்தியதில் செட்டிநாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ராயவரம் வை. கோவிந்தன் தம் சக்தி காரியாலயத்தின் மூலம் டால்ஸ்டாயின் பெரிய நாவலைத் தமிழனுக்குக் கொடுத்தார். ருஷ்யப் பிரபுக்களின் யுத்தத்தையும் சமாதானத்தையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்த பரம்பரைக்குத் தன் பாட்டனின் யுத்தத்தை அச்சிடக் காகிதம் இல்லையா? விற்காது என்பீர்கள். வாசகனைக் கேட்காமலே அவன் வாங்க மாட்டான் என்று முடிவு கட்டுவது கொடுக்கல் வாங்கல் தெரிந்த மண்ணுக்கு அழகா? கடன் கேட்டு வந்தவன் முகத்தைப் பார்த்தல்லவா உங்கள் பாட்டனார் முடிவு சொன்னார்!

இதற்குக் காலம் நிறைய இல்லை. பர்மாவிலிருந்து சிறு பிள்ளையாகக் கைபிடித்து வந்தவர்களுக்கு இப்போது வயது எழுபது, எண்பது. பேரேடுகளும் சிட்டைகளும் கடன் பத்திரங்களும் வீட்டு இரண்டாம் கட்டு அலமாரியிலிருந்து இறங்கிக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குச் சட்டிக்கும் பர்மாப் பெட்டிக்கும் நடுவில் கிடக்கின்றன. வாங்குகிறவர்கள் சுவரில் மாட்ட வாங்குகிறார்கள். தமிழ் எண்களில் எழுதிய அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சுச் செல்வத்தை, அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையில் நூலகமாக வைக்க வழி செய்தது. அவருக்குத் தெரிந்த மதிப்பு சிகாகோவுக்குத் தெரிந்தது. நமக்குப் பழைய பேப்பர் விலைதான் தெரிகிறது.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. 1937 தொடங்கி நம்மைத் தொட்ட உடன்படிக்கைகள் எல்லாவற்றின் முழு வாசகமும் நல்ல தமிழில் ஒரு தொகுதி. தில்லிக் கோப்புகளையும் ரங்கூன் சட்டங்களையும் காரைக்குடிப் பேரேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பர்மியன் பேச்சையும் கேட்டு, வழக்கை இருபுறமும் நடத்தும் ஒரு புத்தகம். அழகப்பச் செட்டியார் கல்விக்கென்று வாரி வழங்கிய ஊரில் இதைச் செய்ய ஆளும் இடமும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் பேரேடு வைத்திருப்பவர்கள் நகலெடுக்கவாவது கொடுக்கட்டும். குடும்ப ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயம் வேண்டாம். கடன் வாங்கினவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. இனி யார் மானம் போகப் போகிறது? வாசகர்கள் கடைக்குப் போய்க் கேட்கட்டும். ஒரு முறை இல்லை என்றால் மறுமாதமும் கேட்கட்டும்.

போன நிலம் திரும்பி வராது. வந்து யாரும் உழவும் போவதில்லை. ஆனால் வட்டிக்கடை மரபில் ஒரு கண்டிப்பு உண்டு. வராத கடனுக்கும் பேரேட்டில் பற்று எழுதி, ஐந்தொகையில் காட்டி, இன்னார் இவ்வளவு தரவேண்டியது, வரவில்லை என்று முடித்தால்தான் கணக்கு முடிந்ததாக அர்த்தம். எழுதாமல் விட்டவனை அடுத்த பயணத்துக்கு முதலாளி கப்பல் ஏற்ற மாட்டார். நாம் இன்னும் எழுதவில்லை.